ஐந்து பேர் உட்காரும் கட்டில்

கண்ணாயிரம் நாசமாகப் போகட்டும் என்று நான் வேண்டிக்கொள்ளாத சாமி காஞ்சிபுரத்தில் இல்லை. பெரிய கோயில்களில் சொன்னேன். பிள்ளையார்பாளையத்தில் தெருவுக்கு ஒருவராக உட்கார்ந்திருக்கும் பிள்ளையார்களிடமும் சொன்னேன். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கடைசியில் நான் வாயைத் திறக்க இடம் கொடுத்தது ஒரு சர்க்கார் அதிகாரி.

கண்ணாயிரம் என்னைவிட வயதில் மூத்தவன், ஊரில் பெரிய மனிதன். மரியாதையாக ‘அவர்’ என்றுதான் எழுத வேண்டும். எனக்குக் கை வரவில்லை, அதனால் ‘அவன்’ என்றே எழுதுகிறேன். ரயிலடிப் பக்கம் வெல்டிங் பட்டறை வைத்திருந்தான். பள்ளிக்கூடத்துப் பெஞ்சு, ஆபீஸ் நாற்காலி, ஆஸ்பத்திரிக் கட்டில் என்று சர்க்கார் எது வாங்கினாலும் காண்ட்ராக்ட் அவனுக்குத்தான். எங்கள் பேட்டையில் இருந்த சின்னப் பிரசவ ஆஸ்பத்திரிக்குக் கட்டில் செய்து போட்டதும் அவன்தான். அதில் ஒன்றில்தான் 1969-ல் என் முதல் குழந்தையைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு நான் படுத்திருந்தேன்.

எங்கள் ஊரில் பிள்ளை பெற்றவளைப் பார்க்க யாரும் தனியாக வருவதில்லை. மாமியார் வந்தால் நாத்தனாரும் வருவாள். நாத்தனார் வந்தால் அவளுடைய ஓரகத்தி வருவாள். போகிற வழியில் பக்கத்துத் தறி வீட்டுப் பெண்களும் சேர்ந்துகொள்வார்கள். வார்டில் நாற்காலி கிடையாது. வந்தவர்கள் கட்டிலில்தான் உட்காருவார்கள், வேறு எங்கே உட்காருவது? குழந்தை பிறந்த மூன்றாம் நாள் அப்படித்தான் என்னைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு, மூக்கு யார் ஜாடை என்று பேசிக்கொண்டிருந்தார்கள். கட்டிலின் ஒரு கால், குழாயை ஒட்டவைத்த இடத்தில் படக்கென்று விட்டது. ஒருவர் மேல் ஒருவராகச் சரிந்தோம். குழந்தை சிமெண்டுத் தரையில் விழுந்தது. அன்று சாயங்காலத்துக்குள் போய்விட்டது.

விசாரணை என்று ஒன்று நடந்தது. ஆஸ்பத்திரி முற்றத்தில் மேசை போட்டார்கள். கண்ணாயிரம் சலவை வேட்டியும் கரைத்துண்டுமாக வந்து நின்றான்.

“கட்டிலு ஒருத்தி படுக்கறதுக்குப்பா. அஞ்சு பேரு ஏறிக் குந்திக்கினு கத பேசினா அது இன்னா பண்ணும்? கட்டிலுன்னு நெனச்சாங்களா, தேருன்னு நெனச்சாங்களா?” என்றான்.

கூட்டம் சிரித்தது. பச்சை உடம்போடு, பால் கட்டிக்கொண்டு கனத்த மாரோடு, நான் அங்கே நின்றுகொண்டிருந்தேன். குழந்தை போனதைக்கூட என் தலையெழுத்து என்று நாளடைவில் விட்டிருப்பேனோ என்னவோ. அந்தச் சிரிப்பை என்னால் விடமுடியவில்லை. குற்றம் எங்கள் வீட்டுப் பெண்கள் மேல்தான் என்று விசாரணையை முடித்தார்கள். ‘பார்வையாளர்கள் கட்டிலில் உட்காரக் கூடாது’ என்று வார்டுச் சுவரில் போர்டு மாட்டினார்கள். அதற்குப்பிறகு என் மாமியார் என் முகத்தைப் பார்த்துப் பேசியதில்லை. தான் உட்கார்ந்ததால்தான் குழந்தை செத்தது என்று அந்த மனுஷியே நம்பிவிட்டார். அந்தப் பாவத்தையும் நான் கண்ணாயிரம் தலையில்தான் போட்டேன்.

என் வீட்டுக்காரர் தணிகாசலம் தறியில் உட்கார்ந்தபடியே சொல்வார்: “உடு லோகு. பெரிய எடத்து ஆளு. நம்மால இன்னா பண்ண முடியும்?”

“உட மாட்டேன். அவன அதே முத்தத்துல, அதே ஜனங்க முன்னால நிக்க வெச்சுப் பாக்கணும்,” என்பேன்.

அவர் மறுபடி தறியை மிதிப்பார். தறிச் சத்தம்தான் கேட்கும்.

இரண்டு வருஷம் கழித்து ராஜகோபால் என்ற அதிகாரி எங்கள் பக்கத்து ஆஸ்பத்திரிகளுக்குச் சாமான் வாங்கும் வேலைக்கு வந்தார். கண்ணாடி போட்ட ஒல்லி மனிதர். பிரசவ ஆஸ்பத்திரிக்குப் புதுக் கட்டில்கள் வாங்க வேண்டியிருந்தது. அதுவரை வழக்கம் என்னவென்றால், காண்ட்ராக்டர்கள் விலையை எழுதிக் கவரில் போட்டு ஒட்டிக் கொடுப்பார்கள், ஆபீசில் கதவைச் சாத்திக்கொண்டு பிரிப்பார்கள். வெளியே வந்தால் கண்ணாயிரம் பெயர்தான் வரும். இவர் அதை மாற்றினார். ஒவ்வொருவரும் ஒரு மாதிரிக் கட்டில் செய்து ஆஸ்பத்திரி முற்றத்தில் போட வேண்டும். பேட்டைப் பெண்கள் வந்து பார்த்து, படுத்து, எது வேண்டும் என்று சொல்ல வேண்டும். அவர்கள் சொன்ன பிறகுதான் எல்லோர் முன்னாலும் விலையைப் பேசுவார்கள். தெருத் தெருவாகத் தமுக்கு அடித்து இதைச் சொன்னபோது முதலில் யாரும் நம்பவில்லை.

ஆனாலும் போனோம். இழைத்துக்கொண்டிருந்த நூலை அப்படியே போட்டுவிட்டுப் போனோம். முற்றத்தில் பச்சைப் பெயிண்ட் அடித்த மூன்று கட்டில்கள் கிடந்தன. மூன்றும் வேறு வேறு காண்ட்ராக்டர்களுடையவை என்றார்கள்.

“நான் காகிதத்தைப் பாத்துத்தான் வாங்குறேன். இதுல படுக்கப்போறது நீங்க. அதனால நீங்களே பாத்துச் சொல்லுங்கம்மா,” என்றார் அதிகாரி.

“கட்டிலு வாங்கறதுக்குப் பொம்பளைங்க மாநாடா?” என்று கண்ணாயிரம் தன் ஆட்களிடம் சொன்னது எங்கள் எல்லோர் காதிலும் விழுந்தது.

ஒவ்வொருத்தியாகப் படுத்துப் பார்த்தார்கள். நல்லாத்தான் இருக்குது, நல்லாத்தான் இருக்குது என்று எழுந்து வந்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் முன்னால் போனேன்.

“ஐயா, இப்பிடிப் பாத்தா எல்லாக் கட்டிலும் நல்ல கட்டிலுதான். எங்க ஊர்ல புள்ள பெத்தவள யாரும் ஒத்தையில உட மாட்டாங்க. ஒருத்தி படுக்கட்டும், அஞ்சு பேரு சுத்திக் குந்தட்டும். அப்பறம் சொல்றோம்.”

அதிகாரி முதல் கட்டிலைக் காட்டினார். “குந்துங்க,” என்றார்.

நான் படுத்தேன். ஐந்து பெண்கள் உட்கார்ந்தார்கள். கால்மாட்டில் இடது பக்கத்துக் கால் முனகியது, வளைந்தது, எல்லோரும் குதித்து இறங்கினோம். அடுத்த கட்டிலுக்குப் போனோம். அதுவும் அதே காலில் வளைந்தது. மூன்றாவது கட்டிலில் ஐந்தாவது பெண் உட்காரக்கூட இல்லை, அதே கால், அதே மாதிரி.

வார்டு ஆயாம்மா லில்லி கையில் துடைப்பத்தோடு பார்த்துக்கொண்டிருந்தாள். “ஏம்பா, மூணு பேரு செஞ்சதுன்னீங்க. மூணுக்கும் ஒரே காலுதான் நொண்டுது?” என்று சத்தமாகக் கேட்டாள்.

அதிகாரி மற்ற இரண்டு காண்ட்ராக்டர்களையும் கூப்பிட்டு, உங்கள் பட்டறை எங்கே இருக்கிறது என்று கேட்டார். ஒருவன் கண்ணாயிரத்தின் மச்சான், அவன் தலையைச் சொறிந்தான். இன்னொருவன் கண்ணாயிரத்தின் கணக்குப்பிள்ளை, அவன் கண்ணாயிரம் முகத்தைப் பார்த்தான். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. அதே முற்றம், முக்கால்வாசி அதே ஜனங்கள். அந்தச் சிரிப்பை நான் பாயசம் மாதிரி குடித்தேன்.

ஆனால் போதவில்லை. மூன்றையும் தள்ளிவிட்டு மறுபடி டெண்டர் விடுவதாக அதிகாரி சொன்னார். இவனை இனிமேல் சேர்க்கக் கூடாது என்று நான் கத்தினேன். அதற்குத் தனியாக விசாரணை வேண்டும், மாதக்கணக்காகும், அதுவரை அவரும் போட்டி போடலாம் என்றார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. வாயில் வந்ததைக் கேட்டுவிட்டேன்.

“காண்ட்ராக்டரே, உங்க பொண்ணு தேவகி முழுகாம இருக்குதே, அத எங்க கொண்டும்போய்ச் சேக்கப்போறீங்க? மெட்ராசுக்குத்தானே? இங்க இட்டாந்து உங்க கட்டில்ல படுக்க வைங்க பாக்கலாம்!”

சிரிப்பு நின்றது. எல்லோரும் அவனையே பார்த்தார்கள். அடுத்த தேர்தலில் நிற்கும் ஆசை அவனுக்கு இருந்தது என்று ஊருக்கே தெரியும். அத்தனை ஓட்டுக்கு முன்னால் அவன் எப்படிப் பின்வாங்குவான்?

“இட்டாறேம்மா!” என்று மார்பில் தட்டிக்கொண்டான். “எம் பொண்ணு இதே ஆஸ்பத்திரியில, நான் செஞ்ச கட்டில்லதான் பெத்துக்குவா. ஊரே வந்து பாருங்க!”

கைதட்டினார்கள். நான் தட்டவில்லை. அந்தப் பெண்ணுக்கும் என் கதி வந்தால் அவனுக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டேன். தேவகி எனக்கு ஒரு கெடுதலும் செய்ததில்லை, அது தெரிந்துதான் நினைத்தேன்.

மறு டெண்டருக்கு மெட்ராசிலிருந்தும் வேலூரிலிருந்தும் கட்டில்கள் வந்தன, கண்ணாயிரமும் ஒன்று போட்டான். இந்த முறை யார் கட்டில் எது என்று தெரியக் கூடாது என்பதற்காக அதிகாரி எல்லாவற்றுக்கும் ஒரே வெள்ளைப் பெயிண்ட் அடிக்கச் சொல்லி நம்பர் மட்டும் போட்டிருந்தார். காகிதத்தில் எழுதிப் பெட்டியில் போடுங்கள் என்றார். எங்களில் பாதிப் பேருக்கு எழுதத் தெரியாது. அதனால் நாங்களே ஒரு வழி செய்தோம். புதுச் சாமான் எது வந்தாலும் மஞ்சள் வைப்பது வழக்கம்தானே? பிடித்த கட்டிலின் காலில் ஒரு விரல் மஞ்சள் வைப்பது என்று முடிவானது. லில்லி வேதக்காரி, சர்ச்சுக்குப் போகிறவள், அவள் மஞ்சள் வைக்கமாட்டேன் என்று சாக்பீசால் கோடு போட்டாள். அதையும் அதிகாரி ஒத்துக்கொண்டார்.

முதல் கட்டில் ஆடியது. மூன்றாவது ஆடவில்லை, ஆனால் பிள்ளை பெற்றவள் இறங்கமுடியாத உயரம். இரண்டாவதில் ஆறு பேர் ஏறினோம், ஏழு பேர் ஏறினோம், விஷமத்துக்கு லில்லியையும் ஏற்றினோம். அசையவில்லை. தடித்த குழாய், ஒட்டின இடமே தெரியவில்லை. இப்படி ஒரு கட்டில் அன்றைக்கு இருந்திருந்தால் என்று நினைத்தேன். கிண்ணத்தில் விரலை விட்டு, வழிய வழிய மஞ்சளை எடுத்து, அதன் காலில் முதல் ஆளாக நான்தான் வைத்தேன். மற்றவர்களும் அதற்கே வைத்தார்கள். விலையும் அதற்குத்தான் குறைவாக இருந்தது.

அதிகாரி பெயரைப் படித்தார். கண்ணாயிரம்.

என் விரலில் மஞ்சள் காயவில்லை. அவன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேரே என்னிடம் வந்து கைகூப்பினான். “ரொம்ப தேங்ஸ்மா. ஒன் கையால வெச்சது, ராசியான கையி,” என்றான். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் விரலைப் புடவையில் தேய்த்தேன், மறுபடி மறுபடி தேய்த்தேன். அந்த மஞ்சள் கறை போகவே இல்லை.

“நீயேதான வெச்ச லோகு? அப்பறம் இன்னா?” என்றார் தணிகாசலம். அன்று அவரோடும் சண்டை போட்டேன்.

மறுநாள் அதிகாரியைப் போய்ப் பார்த்தேன். “கட்டிலுங்க வந்து எறங்கும்போதும் எங்களக் கூப்புடுங்கய்யா. ஒவ்வொண்ணுலயும் குந்திப் பாக்கறோம்,” என்றேன்.

“மாதிரிதான் பாத்தாச்சே. அது மாதிரியே வந்திருக்கான்னு ஆபீசுல பாத்துக்குவாங்கம்மா,” என்றார். நல்ல மனிதர்தான். ஆனால் பொறுக்கியெடுக்க ஊரைக் கூப்பிட்டவர், சரக்கை எடுத்துக்கொள்ளும்போது கதவைச் சாத்திக்கொண்டார். கட்டில்கள் ஒரு நாள் மத்தியானம் லாரியில் வந்தன. யாரோ எண்ணிப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார்கள். எல்லாம் வெள்ளை வெளேரென்று ஒன்றுபோல் இருந்ததாக லில்லி வந்து சொன்னாள்.

தேவகிக்கு ஒரு நாள் காலையில் வலி கண்டது. கண்ணாயிரம் சொன்ன வாக்கைக் காப்பாற்றினான், காப்பாற்றுவதை ஊர் பார்க்கும்படியும் செய்தான். ரிக்‌ஷாவில் பெண்ணை உட்காரவைத்துக் கூட்டி வந்தான், பின்னால் அவனுடைய ஆட்கள் பத்துப் பதினைந்து பேர் நடந்து வந்தார்கள். நாங்களும் தறிகளை நிறுத்திவிட்டுப் போய் வார்டு வாசலில் நின்றோம். உள்ளே ஏழெட்டுப் பெண்கள் குழந்தைகளோடு படுத்திருந்தார்கள். இடையிடையே காலிக் கட்டில்கள் இருந்தன.

“இங்க படுக்க வெச்சிடலாங்க,” என்று லில்லி வாசலுக்குப் பக்கத்துக் கட்டிலைக் காட்டினாள்.

கண்ணாயிரம் ஜன்னலோரத்தைப் பார்த்தான். முகம் மாறியது. “ஜன்னலாண்ட இருந்த கட்டிலு எங்க?”

“காலையில பினாயில் ஊத்திக் கழுவினோங்க. எல்லாத்தையும் வெளிய போட்டு எடுத்தாந்தோம். எது எங்க இருக்குதோ, எல்லாம் ஒண்ணுதானே?”

“ஒண்ணுதான், ஒண்ணுதான்,” என்றான். ஆனால் பெண்ணைப் படுக்கவைக்கவில்லை. குனிந்து அந்தக் கட்டிலின் கால்மாட்டைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தான். சுலபமாகத் தூக்கிக்கொண்டு வந்தது. “இங்க காத்து வராதும்மா,” என்று தேவகியிடம் சொல்லிவிட்டு அடுத்த காலிக் கட்டிலுக்குப் போனான். அதையும் தூக்கிப் பார்த்தான். “இங்க வெயிலு அடிக்கும்.” அதற்கடுத்ததையும் தூக்கினான். சலவை வேட்டி தரையில் புரள, மண்டியிட்டுக் குழாயை ஒட்டின இடத்தைத் தடவினான்.

எனக்கு முதலில் புரியவில்லை. அப்புறம் புரிந்தது. மாதிரிக்குச் செய்த ஒரு கட்டில்தான் தடித்த குழாய். மற்றதெல்லாம் பழைய குழாய், பழைய ஒட்டு. தன் பெண்ணுக்காக அந்த ஒன்றை ஜன்னலோரம் போட்டு வைத்திருக்கிறான். இப்போது அதைத் தேடுகிறான், வாயைத் திறந்து கேட்கவும் முடியவில்லை.

நான் கத்தியிருக்கலாம். கத்தவில்லை. தேவகி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வலியில் முனகிக்கொண்டிருந்தாள். அது என் கண்ணில் படாமல் இல்லை. ஆனாலும் வாயை மூடிக்கொண்டு நின்றேன். நான் சொன்னால் பழைய பகையில் சொல்கிறாள் என்பார்கள். அவன் ஆட்கள் பார்க்க, ஊர் பார்க்க, அவன் கையாலேயே தன்னைக் காட்டிக்கொடுத்துக்கொள்ளட்டும்.

கடைசி வரிசையில் ஒரு கட்டில் தூக்க வரவில்லை. இரண்டு கையாலும் தூக்கிப் பார்த்தான், கனத்தது. முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு, “இதுல படும்மா. இதுதான் நல்லா இருக்குது,” என்றான்.

தேவகி நகரவில்லை. சின்னப் பெண்தான், இருபது வயதுகூட இருக்காது. அவனைப் பார்த்தாள். வார்டில் குழந்தைகளை அணைத்துக்கொண்டு படுத்திருந்த பெண்களைப் பார்த்தாள்.

“அப்ப மத்த கட்டிலுங்கள்லாம் இன்னாபா?” என்று கேட்டாள்.

அவன் கட்டிலைத் தட்டிக் காட்டினான்.

“சொல்லுபா. மத்ததுக்கு இன்னா?”

“நீ படும்மா மொதல்ல. வலி எடுத்துக்கினு இருக்குதுல்ல?”

தேவகி கம்பியை விட்டுவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு மெள்ள இறங்கித் தரையில் உட்கார்ந்துவிட்டாள். “நான் இங்கயே பெத்துக்கறேன். அதுல வேற யாரையாவது படுக்க வெய்யி,” என்றாள்.

முதலில் அசைந்தது லில்லிதான். பக்கத்துக் கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்த குழந்தையை எடுத்து அதன் தாயிடம் கொடுத்து, “எறங்கும்மா. கீழ எறங்கு,” என்றாள். பிறகு எல்லாப் பெண்களும் எழுந்தார்கள். முதல்நாள்தான் பிள்ளை பெற்றவளைக்கூட நாங்கள் ஓடிப்போய்த் தாங்கி இறக்கினோம். குழந்தைகளும் தாய்களும் பாய்மேல், சேலைமேல், வெறுந்தரைமேல். வெள்ளைக் கட்டில்கள் எல்லாம் காலியாக நின்றன. நடுவில் கண்ணாயிரம் நின்றான். வாசலில் நின்ற அவன் ஆட்கள் ஒவ்வொருவராக நழுவினார்கள். யாரோ அதிகாரிக்கு ஆள் அனுப்பினார்கள். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை, அதுதான் எனக்கு இன்னும் பிடித்திருந்தது.

தேவகிக்குத் தரையில் பாய் போட்டோம். கண்ணாயிரத்தை வெளியே போகச் சொல்லிக் கதவைச் சாத்தினாள் லில்லி. நான் தேவகியின் தலையை மடியில் வைத்துக்கொண்டேன். என் கையை நெரித்துவிட்டாள். வெகுநேரம் பாடுபட்டுத்தான் பெற்றாள். நடுவில் அவள் கத்தின ஒவ்வொரு கத்தலும் கதவுக்கு அந்தப்பக்கம் கேட்டிருக்கும்.

நான்தான் முதலில் வெளியே வந்தேன். முற்றத்தில் அதிகாரி காகிதங்களோடு நின்றுகொண்டிருந்தார். எல்லாக் கட்டில்களையும் திருப்பியெடுக்க வேண்டும், இனிமேல் சரக்கு இறங்கும்போதும் பேட்டைப் பெண்கள் இருக்க வேண்டும் என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். கண்ணாயிரம் அதைக் கேட்கவே இல்லை. என்னைப் பார்த்ததும் ஓடி வந்தான். துண்டு எங்கே போனதோ, கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

“ஏம்மா, அழுகச் சத்தமே கேக்கலியே. கொழந்த... ரெண்டு உசுரும் நல்லா இருக்குதாம்மா?”

பெண் குழந்தை மெல்லச் சிணுங்கியதோடு சரி, உள்ளே தேவகி அதற்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். இரண்டு பேரும் நன்றாக இருந்தார்கள். அதைச் சொல்லத்தான் நான் வெளியே வந்தேன்.

சொல்லவில்லை. அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அவன் என் வாயையே பார்த்தான். தூணைப் பிடித்துக்கொண்டான். “சொல்லும்மா,” என்றான். கைகூப்பினான். நான் அப்போதும் சொல்லவில்லை. அன்றைக்குச் சிமெண்டுத் தரையிலிருந்து என் குழந்தையை வாரி எடுத்துக்கொண்டு, உயிர் இருக்கிறதா என்று நான் லில்லி முகத்தைப் பார்த்தேனே, அதே பார்வைதான் அவன் பார்த்தது. அவன் அதை நன்றாகப் பார்க்கட்டும் என்று இருந்தேன். இரண்டு வருஷமாக எரிந்த வயிறு அந்தக் கொஞ்ச நேரத்தில் குளிர்ந்தது.

அப்புறம்தான் சொன்னேன்.